ஊசி நடுவில் நின்றால் கவலையே வேண்டாமாம்!

பழைய_ஸ்பேனர் (சாட்ஸ்வொர்த், டர்பன்)
பக்கத்து இழையில் ரப்பர்_பம்பர் தம்பி ஒரு கேள்வி கேட்டிருந்தார். 1977 எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கியிருக்கிறார், எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி "என்" (நார்மல்) எழுத்தைத் தாண்டிக் கொஞ்சம் ஏறுகிறது, பயமாக இருக்கிறது என்று. அதற்கு ஹைவெல்ட்காரன் கொடுத்த பதில்: "ஊசி சிவப்பைத் தொடாதவரை கவலை வேண்டாம். தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும், அதுவரை எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது."

படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பாவம், அந்தத் தம்பி இருப்பது ஜோகன்னஸ்பர்க் பக்கம், லெனேசியாவில். ஜோபர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1750 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். 100 என்பது எங்கள் டர்பன் கடற்கரைக் கணக்கு. ஹைவெல்ட் என்கிற அந்த மேட்டுநிலத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஹைவெல்ட் கணக்கு தெரியாமல் ஒருத்தர் பாடம் நடத்துகிறார். 94. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹைவெல்ட்காரன் (ஜோபர்க்)
வந்துவிட்டார் பெரியவர். அண்ணே, நீங்கள் சொல்லும் 94 அடுப்பில் திறந்து வைத்த பாத்திரத்துக்கு. ரேடியேட்டருக்கு மூடி இருக்கிறது, மறந்துவிட்டீர்களா? வீட்டு குக்கருக்குள் 94-இல் கொதிக்குமா? அந்த வண்டிக்கு 13 பவுண்டு அழுத்தம் தாங்கும் கேப், அந்த மூடிதான். ஜோபர்க்கில் வெறும் தண்ணீர் ஊற்றினாலே கொதிநிலை 116 பக்கம் போகும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் இன்னும் ஏழெட்டு டிகிரி கூடும். ஆக, நான் 100 என்று சொன்னது பாதுகாப்பான பக்கம்தான்.

பழைய_ஸ்பேனர்
கேப் நல்லதாக இருந்தால்! அந்த வண்டிக்கு நாற்பது வயது தாண்டியாயிற்று. ஸ்பிரிங் தளர்ந்து, ரப்பர் வெடித்துப்போன கேப்பை எத்தனை பேர் மாற்றுகிறார்கள்? 13 என்று மேலே அச்சடித்திருந்தால் உள்ளே 13 நிற்கும் என்று யார் உத்தரவாதம் தந்தது? அழுத்தம் நிற்காத கேப்பும் திறந்த பாத்திரமும் ஒன்றுதான். அப்போது 94.

ஹைவெல்ட்காரன்
கேப் கெட்டால் கேப்பை மாற்றச் சொல்லுங்கள். அதைவிட்டுப் புதுப்பையனை 94 என்று மிரட்டாதீர்கள்.

டோங்காட்_அக்கா
ரெண்டு பேருமே ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஓவர்ஹீட் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஊசி சிவப்பைத் தொடுவதையா, தண்ணீர் கொதிப்பதையா, சூடு நிற்காமல் ஏறிக்கொண்டே போவதையா? மூன்றும் வேறு வேறு. என் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரில் ஊசி கோடை முழுக்க நடுவுக்கு மேல்தான் நிற்கும், ஒரு நாளும் கொதித்ததில்லை.

ரப்பர்_பம்பர் தம்பி, உங்கள் ஊசி எப்போது ஏறுகிறது? சிவப்பு ரோபோட்டில் (சிக்னல் விளக்கில்) நிற்கும்போதா, என்3 நெடுஞ்சாலையில் ஓடும்போதா?

ரப்பர்_பம்பர் (லெனேசியா)
வணக்கம் அக்கா. ரோபோட்டில் நின்றால் ஏறும், நகர்ந்தால் இறங்கிவிடும். நெடுஞ்சாலையில் "என்" மேலேயே அசையாமல் நிற்கும்.

பழைய_ஸ்பேனர்
அக்கா, அர்த்தம் எல்லாம் அகராதிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். 94-இல் குமிழி வந்தால் சிலிண்டர் ஹெட்டைச் சுற்றி நீராவி படியும். நீராவி படிந்த இடத்தில் இரும்பைத் தண்ணீர் தொடாது, அந்த இடம் மட்டும் தனியாகக் காயும், கேஸ்கெட் போகும். ஊசி அதை உங்களுக்குச் சொல்லாது.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. சென்சார் முனை தண்ணீரில் முழுகி இருந்தால்தான் ஊசி உண்மை பேசும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் ஊசி குளிர்ச்சிப் பக்கம் விழும். எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும், ஓட்டுகிறவர் "ஆகா, சூடு இறங்கிவிட்டது" என்று மிதிப்பார். ஏறும் ஊசியைவிடத் திடீரென்று விழும் ஊசிக்குத்தான் நான் பயப்படுவேன். "சிவப்பைத் தொடாதவரை கவலை வேண்டாம்" என்கிற அறிவுரையை நம்பினால் அந்த வண்டி அன்றோடு முடிந்தது.

ஆல்ஃபா_பித்தன் (பிரிட்டோரியா)
எம்ஜிபிக்காரர்கள் சண்டையில் நுழைவதற்கு மன்னிக்கவும். உங்களுடையது இரும்பு ஹெட், கொஞ்சம் காய்ந்தாலும் தாங்கும். பிரிட்ஸ் தொழிற்சாலையில் கட்டிய 3 லிட்டர் ஆல்ஃபா ரோமியோ ஜிடிவி6 வைத்திருக்கிற எங்களைக் கேளுங்கள். அலுமினியம். ஒரு தடவை காய்ந்தால் ஹெட் வளைந்துவிடும். அந்த 3 லிட்டர் வண்டி தென்னாப்பிரிக்காவுக்காகவே செய்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பழைய_ஸ்பேனர்
யாரும் கேட்காமலே ஜிடிவி6 வந்துவிடும், எந்த இழையாக இருந்தாலும்.

ஆல்ஃபா_பித்தன்
பெருமைப்பட விஷயம் இருக்கிறது, சொல்கிறேன். உங்களுக்கு ஏன் எரிகிறது?

ஹைவெல்ட்காரன்
பார்த்தீர்களா, ஊசி பொய் சொல்லும் என்று அவரே சொல்லிவிட்டார். பொய் சொல்லும் ஊசியை வைத்து 94 என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் அண்ணே? அந்த டயலில் எண்ணே இல்லை. சி, என், எச் மூன்று எழுத்துதான். நான் ஐஆர் கன் (தொடாமல் சூடு அளக்கும் கருவி) வைத்து தெர்மோஸ்டாட் (சூடேறினால் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) ஹவுசிங்கில் அளந்திருக்கிறேன். ஊசி "என்" தாண்டி நிற்கும்போது 80-க்குக் கீழே காட்டியது. ஆதாரம் இருக்கிறது, படமும் இருக்கிறது.

பழைய_ஸ்பேனர்
பளபளக்கிற அலுமினிய ஹவுசிங்கில் ஐஆர் கன் அடித்தீர்களா? பளபளப்பான உலோகம் தன் சூட்டைச் சரியாக வெளிவிடாது, அக்கம்பக்கத்துச் சூட்டைத்தான் கண்ணாடி மாதிரித் திருப்பிக் காட்டும். கன் குறைவாகத்தான் காட்டும். முதலில் அந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டுங்கள், அல்லது மங்கலான கறுப்பு பெயிண்ட் ஒரு பொட்டு வையுங்கள், பிறகு அளந்து பாருங்கள். 80-க்குக் கீழே என்று வேறு சொல்கிறீர்கள். 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் போட்ட வண்டியில் அது திறக்கவே தொடங்கியிருக்காதே, யோசிக்க வேண்டாமா? இந்தப் படத்தைக் காட்டித்தான் புதுப்பையன்களுக்குத் தைரியம் சொல்கிறீர்களா?

ஹைவெல்ட்காரன்
டேப் ஒட்டினால் பத்து டிகிரி ஏறும் என்றே வைத்துக்கொள்வோம். 90. அப்போதும் 94 வரவில்லையே!

பழைய_ஸ்பேனர்
94-க்கு நாலு டிகிரிதான் மிச்சம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி.

ஹைவெல்ட்காரன்
கேப் இருக்கிறது என்று எத்தனை தடவை சொல்ல வேண்டும்?

பழைய_ஸ்பேனர்
கேப் பற்றி நீங்கள் பேசலாமா? போன தைப்பூசக் காவடிக்கு முந்தின பயணத்தில் வான் ரீனன் ஏற்றத்தில் உங்கள் வண்டி நீராவி கக்கி நின்றதே, அப்போது என் பெட்டியிலிருந்து புது கேப் எடுத்துக் கொடுத்தது யார்? இன்றுவரை திரும்பி வரவில்லை. அந்தக் கேப் போட்டுக்கொண்டுதான் 116 என்று கணக்குச் சொல்கிறீர்கள். உங்கள் சொந்தக் கேப்போடு அன்று கொதித்தது எத்தனை டிகிரியில்? அதைச் சொல்லுங்கள்.

ஹைவெல்ட்காரன்
அன்று நின்றதற்குக் காரணம் ஹோஸ் கிளிப். எல்லோருக்கும் தெரியும். ஒரு கேப்பைக் கொடுத்துவிட்டு ஊர் முழுக்க முரசு அறைகிறவரிடம் இனி ஒரு திருகாணிகூட வாங்க மாட்டேன்.

டோங்காட்_அக்கா
அந்தத் தம்பிக்குப் பதில் சொல்ல ஆளில்லை, நானே சொல்கிறேன். நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்றுப் பக்கம் பாருங்கள். உங்கள் 1977 வண்டிக்கு எலக்ட்ரிக் ஃபேன். சுவிட்ச் வேலை செய்கிறதா, ஃபேன் சரியான பக்கம் சுற்றுகிறதா, ரேடியேட்டர் துடுப்புகளில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கிறதா பாருங்கள். நெடுஞ்சாலையில் ஏறியிருந்தால்தான் ரேடியேட்டர் உள்ளே உப்புப் படிவு, வாட்டர் பம்ப், இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பக்கம் போக வேண்டும். டைமிங் பின்தங்கினாலும் எஞ்சின் சூடாகும், அதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

எரிபொருள் ஊசியையும் பாருங்கள். இரண்டு ஊசியும் சேர்ந்து அதிகமாகக் காட்டினால் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரைச் சந்தேகப்படுங்கள். அது சராசரி 10 வோல்ட் கொடுக்க வேண்டும். அதன் எர்த் இணைப்பு விட்டுப்போனால் முழு பேட்டரி வோல்டேஜும் போய் இரண்டு ஊசியையும் தள்ளும். எஞ்சினில் சூடே இருக்காது.

ரப்பர்_பம்பர்
அக்கா!! போன வாரம் டாங்க் நிரப்பியபோது பெட்ரோல் ஊசி "எஃப்" தாண்டிப் போய் நின்றது. ஓட ஓட இறங்க வேண்டியது, அப்படியே நிற்கிறது.

பழைய_ஸ்பேனர்
ஸ்டெபிலைசரைப் பற்றி நான்தான் இங்கே முதன்முதலில் எழுதினேன், பழைய இழைகளைத் தேடிப் பாருங்கள். ஆனால் தம்பி, ஸ்டெபிலைசர் சரியாகிவிட்டால் எல்லாம் சரி என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ரோபோட்டில் ஏறி இறங்குகிறது என்றால் உண்மையான சூடும் கொஞ்சம் இருக்கிறது. உயரத்தில் காற்று மெல்லியது. அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் ரேடியேட்டர் வழியே போகும் காற்றின் எடை குறைவு. எனவே ஜோபர்க்கில் இரண்டு பக்கமும் அடி: காற்று சூட்டைக் குறைவாக எடுக்கும், தண்ணீரும் 94-இல் கொதிக்கும்.

ஹைவெல்ட்காரன்
மெல்லிய காற்றில் எஞ்சினும் குறைவாகத்தான் எரிக்கும், அதனால் சூடும் குறைவு. பாதியை மட்டும் சொல்வது உங்கள் வழக்கம்.

பழைய_ஸ்பேனர்
முழு மிதியில் குறைவு, சரி. ரோபோட்டில் நின்று உறுமும்போது யார் முழு மிதியில் இருக்கிறார்கள்? சும்மா நிற்க எஞ்சினுக்கு வேண்டியது எங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆல்ஃபா_பித்தன்
தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிட்டால் இந்தப் பேச்சே வராது. என் மாமா அவருடைய பக்கியில் (பிக்அப் வண்டியில்) அப்படித்தான் ஓட்டினார்.

பழைய_ஸ்பேனர்
ஐயோ, அதை மட்டும் செய்யாதீர்கள்! குளிர்காலக் காலையில் எஞ்சின் சூடேறவே ஏறாது. எண்ணெய் தடித்தே இருக்கும், சிலிண்டர் சுவர் தேயும், கலவையில் பெட்ரோல் அதிகமாகவே ஓடும். 88 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டிருந்தால் 82 போடுங்கள், கோடையில் 74-கூடப் போடுங்கள், ஆனால் ஒன்று இருக்க வேண்டும். அந்தப் பக்கி இப்போது எங்கே?

ஆல்ஃபா_பித்தன்
என் மாமாவின் பக்கி உங்களுக்கு எதற்கு? அவர் இருந்தவரை ஓடியது.

ஹைவெல்ட்காரன்
ரப்பர்_பம்பர், ஸ்டெபிலைசர் மாற்றுங்கள், ஃபேன் சுவிட்ச் பாருங்கள், நிம்மதியாக ஓட்டுங்கள். 100 தாண்டாதவரை பயமில்லை.

பழைய_ஸ்பேனர்
திரும்பவும் 100! தம்பி, கேப்பைக் கழற்றி அழுத்தச் சோதனை செய்யாமல் டவுன் ஹில் ஏற்றம் பக்கம் வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். எஞ்சின் ஆறாமல் கேப்பில் கை வைக்காதீர்கள், கொதிநீர் முகத்துக்கு வரும். வழியில் ஏறினால் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுங்கள், அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். ஓரம் கட்டி அணைத்த பிறகு ஊசி இன்னும் கொஞ்சம் ஏறும், பம்ப் நின்றுவிட்டதால் வருவது, அதைப் பார்த்துப் பதறித் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அடுத்த ஞாயிறு ஹாரிஸ்மித்தில் நாம் சந்திக்கும்போது என் அழுத்த டெஸ்டரைக் கொண்டுவருகிறேன். ஹைவெல்ட்காரன் கேப்பையும் சோதிப்பேன். என்னுடைய கேப்பை இல்லை, அவருடைய பழைய கேப்பை.

ஹைவெல்ட்காரன்
பழைய கேப்பைத் தூக்கி எறிந்துவிட்டேன். என் சொந்த தெர்மாமீட்டரோடு வருகிறேன், உங்கள் டெஸ்டரை நான் நம்பவில்லை.

பழைய_ஸ்பேனர்
எறிந்துவிட்டாராம். ஏன் எறிந்தார் என்று எல்லோரும் கேளுங்கள்.