ஆரோன் பற்றிய ஹாலே அறிக்கைகளை வாசிக்க வழி உண்டா?

பி.டி. (இறையியல் பட்டப்படிப்பு) மூன்றாம் ஆண்டு. திருச்சபை வரலாற்றுக் கட்டுரையில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 1733-ல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன்தான் தலைப்பு. இந்தியரில் முதல் லுத்தரன் குருவானவர். ஜெர்மனியிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்குவுக்கு அலமாரி நிறையப் புத்தகம், இவருக்கு அங்கங்கே ஒரு பத்தி. (மிஷன் வரலாறு என்றாலே வந்தவர்கள் கதைதானா!)

தரங்கம்பாடி மிஷனரிகள் எழுதி அனுப்பியவற்றை ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்டவைதான் ஹாலே அறிக்கைகள். அவற்றின் ஸ்கேன் பிரதி இணையத்தில் கிடைத்தது. ஆனால் பழைய ஜெர்மன் அச்சு. 'எஸ்'ஸும் 'எஃப்'பும் ஒன்றுபோலவே தெரிகின்றன. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் குப்பையாக வருகிறது. கல்லூரி நூலகத்தில் தேடியாயிற்று, ஆசிரியரிடமும் கேட்டாயிற்று. மாதக் கடைசியில் கட்டுரையைக் கொடுக்க வேண்டும்.

1733 முதல் அவர் இறந்த 1745 வரையிலான பகுதிக்குத் தமிழிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பு எங்கே கிடைக்கும்?