ராஜாஜியைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும், என்ன சொல்லலாம்?

தறிமேடு:
மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் பேச்சுப்போட்டி. விடுதலைப் போராட்டத்திலிருந்து ஆட்சிக்கு வந்தவர்களில் ஒருவர் என்று சீட்டுக் குலுக்கியதில் இவளுக்கு ராஜாஜி வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த மாமனார், "குலக்கல்வி கொண்டுவந்த ஆளைப் பற்றியா பேசப்போறே?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். பிள்ளை முகம் சுண்டிப்போயிற்று. யோசனை சொல்லுங்கள்.

காவிரிக்கரை:
வேதாரண்யம் ஒன்று போதும் சார், வேறெங்கும் போக வேண்டாம். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நூறு பேர் அளவில் உப்புக் காய்ச்சக் கிளம்பினார்கள். இவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஜெயில் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்துவிட்டார். சனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி போய்விட்டார்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்று ஒரு சவரத் தொழிலாளி, உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தோடு கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஜெயிலுக்குப் போனார். இதைவிடப் பிள்ளைக்கு என்ன வேண்டும்?

கரிசல்மண்:
அண்ணே, நீங்களே வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டீங்க. அதே வைரப்பனுக்கு 1953-ல் கிராமத்துப் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பையன் இருந்திருந்தால் ராஜாஜி முதலமைச்சராகக் கொண்டுவந்த குலக்கல்வித் திட்டம் அவனுக்கு என்ன சொல்லியிருக்கும்? மூன்று மணி நேரம் படி, மிச்ச நேரம் அப்பனிடம் கத்தி பிடிக்கப் பழகு. தலைவருக்காக ஜெயிலுக்குப் போனவன் பிள்ளைக்கு அந்தத் தலைவர் கொடுக்கிற பரிசா இது?

காவிரிக்கரை:
'குலக்கல்வி' எதிர்த்தவர்கள் வைத்த பெயர். அரசு உத்தரவில் அது திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம். பள்ளியும் வாத்தியாரும் போதவில்லை, கஜானாவிலும் பணம் இல்லை, ஒரே கட்டடத்தில் இரண்டு ஷிப்ட் வைத்தால் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பதுதான் கணக்கு. அரசு போட்ட பருலேகர் கமிட்டியும் திட்டம் சரி என்றுதான் சொன்னது.

கரிசல்மண்:
சரி, இடப்பற்றாக்குறை என்றால் பட்டணத்திலும் அதே ஷிப்ட் வைத்திருக்கலாமே, ஏன் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்? வக்கீல் பிள்ளை மத்தியானம் கோர்ட்டுக்குப் போய்க் கட்டு தூக்கிப் பழகட்டும் என்று யாராவது சொன்னார்களா? இன்னொன்று. 1952 தேர்தலில் காங்கிரசுக்கு 375-ல் 152 இடம்தான். ராஜாஜி தேர்தலிலேயே நிற்கவில்லை. கவர்னர் மேலவைக்கு நியமித்து, அங்கிருந்து முதலமைச்சர். ஓட்டுக் கேட்டு ஊர் ஊராகப் போயிருந்தால் இந்தத் திட்டத்தை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

சேலத்துச்சீலை:
இரண்டு பேரும் ஆண்களுக்கே உரிய விவாதம் செய்கிறீர்கள், சாராயத்தை ஒருவரும் பேசவில்லை. ராஜாஜி முதல்முறை ஆட்சிக்கு வந்த 1937-ல் நாட்டுக்கே முன்னோடியாக மதுவிலக்கு வந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில். போன வருமானத்துக்கு ஈடாக விற்பனை வரி போட்டதும் அவர்தான் (பெயர் மாறி இன்றைக்குவரை நாம் கட்டுகிறோம், அதற்குத் திட்டுவதென்றால் திட்டுங்கள்!). 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தப் போகிறார்கள் என்றதும் 92 வயதில், மழையில், கலைஞர் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கெஞ்சினார் என்பார்கள். என் அம்மா அதைச் சொல்லும்போதெல்லாம் கண் கலங்குவார், அப்பாவை நினைத்துத்தான்.

காவிரிக்கரை:
நன்றி அம்மா. 1939-ல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துப் போனபோது சட்டத்தால் பாதுகாப்புக் கொடுத்ததும் இதே ராஜாஜிதான். சாதியைக் காப்பாற்ற வந்தவர் இதைச் செய்வாரா?

கரிசல்மண்:
செய்தார், மறுக்கவில்லை. அந்த 1939-ல்தான் அவர் பள்ளிகளில் கட்டாயமாக்கிய இந்தியை எதிர்த்துச் சிறைக்குப் போன நடராசனும் தாளமுத்துவும் இறந்தார்கள். பிறகு 1965-ல் அவரே இந்தி வேண்டாம் என்றார், 1967-ல் தி.மு.க.வோடு சேர்ந்து காங்கிரசைக் கவிழ்த்தார். மனிதர் மனம் மாறுவது தப்பில்லை, ஆனால் குலக்கல்வி விஷயத்தில் மட்டும் கடைசிவரை தான் செய்தது சரி என்றே இருந்தார். காமராஜர் 1954-ல் வந்ததும் அதைத் தூக்கி எறிந்தார் பாருங்கள், அவர் ஸ்கூல் முழுசாக முடிக்காதவர். அந்த அருமை அவருக்குத்தான் தெரியும்.

காவிரிக்கரை:
அப்படியென்றால் 1972-ல் ராஜாஜி இறந்தபோது, அந்தத் திட்டத்தை எதிர்த்த பெரியார் ஏன் சுடுகாடு வரை வந்து அழுதார்?

கரிசல்மண்:
சிநேகிதன் செத்தால் அழ மாட்டார்களா? திட்டத்துக்காகவா அழுதார்?

தறிமேடு:
எல்லாருக்கும் நன்றி. இவ்வளவையும் மகளிடம் வாசித்துக் காட்டினேன். மரத்தில் சோறு தொங்கவிட்டது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அதில்தான் தொடங்குவாளாம். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வைரப்பனுக்கு நிஜமாவே பையன் இருந்தானாப்பா, அவன் என்ன படிச்சான்?" என்றாள். வேதாரண்யம் பக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், போட்டி வெள்ளிக்கிழமை.