லோரி ஏறாமலே ஆலைக்குப் போன குலைகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மாமா மண்டோர், அதாவது வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும். தள்ளிப்போனால் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். இருப்பதோ இரண்டே லோரி. எது எந்தப் பிரிவுக்கு முதலில் போவது என்று மாமா தினமும் விடிகாலையில் மண்டையை உடைத்துக்கொள்வார். கடைசி வருடப் படிப்பில் இருந்த நான், இதைத் தர்க்கத்தில் எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

1992-இல் கவுட்ஸ், செல்மன் என்ற இரண்டு கணினி ஆய்வாளர்கள் காட்டிய வழி அது. 'மூன்றாம் படியில் முதல் லோரி நாலாம் பிரிவில் நிற்கிறது' என்பது போன்ற ஒவ்வொரு கூற்றும் உண்மை, இல்லையென்றால் பொய். தொடக்க நிலை, செயல்களின் விதிகள், இலக்கு எல்லாவற்றையும் ஒரே வாய்பாடாக்கி சாட் சால்வரிடம் கொடுக்க வேண்டும். எந்தக் கூற்று உண்மை, எது பொய் என்று வைத்தால் வாய்பாடு முழுவதும் பொருந்தும் என்று தேடும் நிரல் அது. அத்தனையும் ஒத்துப்போகிற விடை கிடைத்தால் அதுதான் திட்டம்.

எனக்கும் கிடைத்தது. ஒரே படி! எந்த லோரியும் ஓடவில்லை, குலைகள் மட்டும் ஆலையில் இருந்தன. இரண்டு நாள் சால்வரைச் சந்தேகப்பட்டேன். பிழை என் விதிகளில்தான். லோரி ஓடினால் என்ன மாறும் என்று எழுதியிருந்தேன். யாரும் தொடாதது அப்படியே இருக்கும் என்று எழுதவில்லை. 1969-இலேயே மெக்கார்த்தியும் ஹேய்ஸும் எடுத்துப் பேசிய ஃபிரேம் பிராப்ளம் இது. 'போன படியில் ஆலையில் இல்லாத குலை இப்போது இருந்தால், நடுவில் ஒரு லோரி அதை இறக்கியிருக்க வேண்டும்' என்று விதி சேர்த்தேன். ஒழுங்கான திட்டம் வந்தது.

மாமா தாளை நிதானமாகப் படித்தார். "சரிதான்டா. ஆனா நாலாம் பிரிவுல உதிரிப் பழம் பொறுக்கி முடிக்கவே பத்து மணி ஆவுமே?" அதுவும் ஒரு முன்நிபந்தனைதான். அன்று இரவே சேர்த்தேன்.

*

தம்பி, உங்கள் லோரிக் கதையைப் படித்தேன். எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. நாற்றுமேடை வேலைக்கு ஸ்ட்ரிப்ஸ் என்ற திட்டமிடும் முறையில் எழுதினேன், 1971-இல் ஃபைக்ஸும் நில்சனும் கொடுத்தது. பட்டியலில் சொல்லாத எதுவும் மாறாது என்று அதுவே எடுத்துக்கொள்ளும், அதனால் உங்கள் குலைகள் மாதிரி எதுவும் தானாக நகராது. ஆனால் ஒவ்வொரு செயலும் எதைச் சேர்க்கிறது, எதை நீக்குகிறது என்று நாம்தான் எழுத வேண்டும். டிராக்டர் நகரும்போது அதன் பழைய இடத்தை நீக்க மறந்துவிட்டேன். ஒரே டிராக்டர் நாற்றுமேடையிலும் நின்றது, உரக் கொட்டகையிலும் நின்றது. அப்புறம் எந்தச் செயலை எழுதினாலும் நீக்கும் பட்டியலைத்தான் முதலில் நிரப்புகிறேன்.