வீட்டை விற்று மாறுவதற்கு எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும்?

குழம்பியவன்:
வணக்கம். இப்போதிருக்கும் வீட்டை விற்றுவிட்டு இன்னொன்று வாங்கிப் போவதென்று முடிவாகிவிட்டது. விற்கிற விலையில் கடன் பாக்கியைக் கழித்து, மிச்சத்தை அப்படியே புது வீட்டுக்குப் போட்டுவிடலாம் என்று ஒரு தாளில் எழுதி மனைவியிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "லாரிக்கு யார் கொடுப்பது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அப்புறம் யோசித்தால் தரகர், வக்கீல், பெயின்ட் என்று வரிசையாக வருகிறது. இத்தனை சதவீதம் என்று யாராவது சொன்னால் ஒதுக்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

கணக்குப்பிள்ளை:
எதில் சதவீதம் என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். விலை 100 என்று வையுங்கள், கடன் பாக்கி 60. உங்களுக்கு மிஞ்சுவது 40. தரகர் கமிஷன், வக்கீல், ரிப்பேர், லாரி எல்லாம் சேர்ந்து விலையில் 6 என்றால் கேட்க சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 6 போவது உங்கள் 40-லிருந்து, அதாவது உங்கள் பணத்தில் 15 சதவீதம். கமிஷன் முழு விலைக்குத்தான் போடுவார்கள், அதில் பாதிக்கு மேல் வங்கிப் பணம் என்பது தரகருக்குக் கவலையில்லை.

இன்னொன்று, கடைசியாக வந்த ஸ்டேட்மென்டில் இருக்கும் பாக்கியை எழுதாதீர்கள். கடனை முடிக்கிற நாள் வரை வட்டி ஓடிக்கொண்டிருக்கும், முன்கூட்டியே அடைத்தால் சில கடன்களுக்குத் தனிக் கட்டணமும் உண்டு (நிலையான வட்டிக் கடன் என்றால் கட்டாயம் விசாரியுங்கள்). தேதி போட்டு, அந்தத் தேதியில் எவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்று எழுத்தில் வாங்குங்கள். வாங்கிய விலையைவிட அதிகத்துக்கு விற்றால் லாபத்துக்கு வரி வருமா என்பதையும் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள், வீட்டுக்குச் செய்த பெரிய வேலைகளின் பில்கள் அங்கே உதவலாம்.

பெட்டிபடுக்கை:
மேலே சொன்னது சரி, ஆனால் என்னைக் கவிழ்த்தது தொகை இல்லை, தேதி. கமிஷன், வக்கீல் எல்லாம் விற்ற பணம் வந்ததும் அதிலேயே கொடுத்துவிடலாம். பெயின்ட் அடித்தவர், ஒழுகுகிற குழாயை மாற்றியவர், லாரிக்கு அட்வான்ஸ், புது இடத்துக்கு டெபாசிட், இதெல்லாம் அதற்கு முன்னாலேயே கையிலிருந்து போக வேண்டும். எங்களுக்கு வாங்குபவரின் கடன் தாமதமாகி ஆறு வாரம் இழுத்தது. அந்த ஆறு வாரமும் இரண்டு வீட்டுக்கும் கரன்ட் பில், பராமரிப்பு, தவணை என்று கட்டினோம். கணக்கில் லாபம், கையில் காசில்லை. அதனால் தாளை இரண்டாக மடித்து, விற்பதற்கு முன் போவது ஒரு பக்கம், பின் போவது ஒரு பக்கம் என்று எழுதுங்கள். முன்பக்கத்துப் பணம் இன்றே வங்கியில் இருக்க வேண்டும்.

சாமான் ஏற்றுகிறவர்களிடம் போனில் விலை கேட்காதீர்கள், நேரில் வந்து அலமாரியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பரண், மாடி, பால்கனித் தொட்டி எதையும் மறைக்காதீர்கள். லாரி வாசல் வரை வருமா, லிஃப்டில் பீரோ நுழையுமா, கட்டிலைக் கழற்றிப் பூட்டுவதும் சேர்த்தா, எல்லாம் எழுத்தில். எங்கள் சோபா மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு, கைப்பிடியைக் கழற்றித்தான் இறக்கினார்கள், அதற்குத் தனியாகக் காசு. புத்தகங்களைச் சின்னப் பெட்டியில் போடுங்கள், பெரிய பெட்டியில் அடைத்தால் தூக்கும்போது அடி பிய்ந்துவிடும். நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் காப்பீடு கிடைக்காமல் போகலாம், முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சுத்தியல்:
விற்பதற்கு முன் சமையலறையையே மாற்று என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். போட்ட காசு விலையில் முழுசாகத் திரும்பும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, வாங்குகிறவர் வந்து வேறு மாதிரி இடித்துக் கட்டுவார். ஒழுகல், கதவு, சுவிட்ச், சுத்தம். அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
@சுத்தியல் பெயின்ட்டை விட்டுவிட்டீர்கள். சுவரில் ஈரக்கறை தெரிந்தால், பெயின்ட் செலவைப்போல் பல மடங்கு பேரத்தில் குறைப்பார்கள்.

சுத்தியல்:
கறைக்குக் காரணத்தைச் சரிசெய்யாமல் மேலே பெயின்ட் அடித்தால் அது ஏமாற்று வேலை. சரிசெய்துவிட்டு அடித்தால் ஒத்துக்கொள்கிறேன்.

குழம்பியவன்:
நன்றி. இன்று மறுபடி எழுதிப் பார்த்தேன். முன்பக்கம்தான் நீளமாக வருகிறது, அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு சேர்த்து, இரண்டு வீட்டுச் செலவு இரண்டு மாதத்துக்கும் வைத்திருக்கிறேன். புது வீட்டுக்கான தொகை நான் நினைத்ததைவிட நன்றாகவே இறங்கிவிட்டது, ஒரு அறை குறைவான வீடாகத்தான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. வங்கிக்கும் தேதி போட்டு எழுதிவிட்டேன். மனைவி பரணில் ஏறிப் பெட்டிகளை எண்ண ஆரம்பித்திருக்கிறாள், இதுவரை பதினேழு, இன்னும் கீழே இறங்கவில்லை.