பென்ஷனும் பட்டாவும் இல்லாத பழைய சிப்பாய்க்குத் தனிக் குடியிருப்பு வேண்டுமா?

பென்னாகரத்தான்:
எங்கள் தெருக் கடைசியில் ஒரு பெரியவர், ஆட்டுக்கொட்டகையை ஒட்டிய ஓட்டுச் சாய்ப்பில் இருக்கிறார். வெலிங்டனில் பயிற்சி முடித்து ஒன்பது வருடம் சிப்பாயாக இருந்தவர். குடும்பக் கஷ்டத்தால் பாதியில் வந்துவிட்டார். பதினைந்து வருடம் முடிக்காததால் பென்ஷன் இல்லை; பென்ஷன் இல்லாததால் ஈ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டையும் இல்லை. படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கை உரச்சாக்குத் துண்டில் சுற்றி விட்டத்தில் செருகி வைத்திருக்கிறார். இந்த மாதிரி ஆட்களுக்குத் தருமபுரியில் பெரிய ஆஸ்பத்திரி பக்கமாக இருபது அறை கட்டி, கவனித்துக்கொள்ள ஒரு ஆளையும் போட வேண்டும் என்கிறேன்.

ஊத்தங்கரை வாத்தியார்:
ஒன்பது வருடம் துப்பாக்கி பிடித்தவருக்கு அறை. நாற்பது வருடம் கிரானைட் குவாரியில் கல் உடைத்து நெஞ்சு கெட்டுப்போனவருக்கு? அதான் அரசு வீடு கட்டப் பணம் கொடுக்கும் கலைஞரின் கனவு இல்லம் இருக்கிறதே. 360 சதுர அடி, மூன்றரை லட்சம். முன்னாள் ராணுவத்தினருக்கென்றே காக்கும் கரங்கள் திட்டமும் வந்துவிட்டது. இன்னும் எத்தனை?

பென்னாகரத்தான்:
கனவு இல்லத்துக்குச் சொந்த மனை வேண்டும் சார். இவர் பட்டா செத்துப்போன அண்ணன் பேரில் இருக்கிறது. அண்ணன் மகன்கள் மூன்று பேர், மூன்று பக்கம். காக்கும் கரங்கள் என்பது தொழில் தொடங்க ஒரு கோடி வரை கடன், 30 சதவீத மானியம். எழுபத்து நாலு வயதில் என்ன தொழில் தொடங்குவார், எந்த பேங்க் கொடுக்கும்?

மாங்கொட்டை:
நான் கிருஷ்ணகிரி. ஆளைப் போடுவது சரி, கட்டடம்தான் வேண்டாம் என்பேன். அமெரிக்காவில் வீடில்லாத முன்னாள் படைவீரர்களுக்கு வாடகைச் சீட்டு கொடுக்கிறார்கள். வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் அவர் கட்டுவார், மிச்சம் அரசு. கூடவே மருந்து, குடிப்பழக்கம், கடன் எல்லாம் பார்க்க ஒரு நல ஊழியர். இங்கே கட்டடம் என்றாலே கான்ட்ராக்டர்தான் முதலில் குடியேறுவார்.

ஊத்தங்கரை வாத்தியார்:
ஓசூரில் கம்பெனி வேலைக்கு வரும் பிள்ளைகளே ஒரு அறையில் ஆறு பேர் படுக்கிறார்கள். கிழவருக்கு யார் வாடகைக்கு விடுவார்கள்?

பழைய ஹவில்தார்:
தம்பிகளா, நான் 24 வருஷம் சர்வீஸ். எனக்குப் பென்ஷன் வருகிறது, குறையில்லை. கட்டடம் அப்புறம். அந்தப் பெரியவருக்குப் பெனூரி கிராண்ட், அதாவது வறுமை உதவித்தொகை, கேட்டீர்களா? மத்திய அரசின் படைவீரர் நல வாரியமான கேந்திரிய சைனிக் போர்டு கொடுப்பது. 65 வயது தாண்டி, ஹவில்தார் வரை இருந்து, பென்ஷனும் வேறு நிலையான வருமானமும் இல்லாதவருக்கு, அவர் இல்லையென்றால் விதவைக்கு. மாதம் 4,000 ஆக இருந்ததை 2025-இல் 8,000 ஆக்கினார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். இன்னொன்று, இருபது பேரை ஒரே கட்டடத்தில் அடைத்தால் அது சிப்பாய்கள் கும்பலாகத் தங்கும் இன்னொரு பேரக்ஸ். அதை விட்டுத்தானே வந்தோம்?

மாங்கொட்டை:
ஐயா, நாளைக்கு இது இன்னும் கூடுமே. 2022-இல் வந்த அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டத்தில் நாலு வருடம்தான் சர்வீஸ், நாலில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மற்ற மூன்று பேருக்குப் பென்ஷன் இல்லை.

ஊத்தங்கரை வாத்தியார்:
அவர்கள் கையில் பதினொன்றே முக்கால் லட்சம் கிட்ட வாங்கிக்கொண்டு வெளியே வரும் இளைஞர்கள். அந்தக் கிழவரோடு சேர்க்காதீர்கள்.

பென்னாகரத்தான்:
பெனூரி கிராண்ட் விஷயம் எனக்கே தெரியாது ஐயா. நேற்று பெரியவரிடம் அறை விஷயத்தைச் சொன்னேன். “மூணு ஆடு இருக்கே, அங்க கட்ட முடியுமா?” என்று கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஊத்தங்கரை வாத்தியார்:
அறைக்கு நான் இன்னும் எதிர்ப்புதான். ஆனால் திங்கட்கிழமை தருமபுரி வருகிறேன், மனு எழுதித் தருகிறேன். டிஸ்சார்ஜ் புக்கை இரண்டு ஜெராக்ஸ் போட்டு வையுங்கள்.

பென்னாகரத்தான்:
இப்போதுதான் பிரித்துப் பார்த்தோம் சார். முதல் பக்கத்தில் அவருடைய ராணுவ நம்பர் இருக்கும் இடத்தைக் கரையான் அரித்திருக்கிறது. ஹவில்தார் ஐயா, நம்பர் இல்லாமல் ராணுவ ரெக்கார்ட் ஆபீஸில் தேடி எடுப்பார்களா?