கேழ்வரகில் மொச்சை கலந்து போட்டேன், கதிர் சிறுத்துவிட்டது. ஏன்?

பேரணாம்பட்டு மானாவாரி:
ஆந்திர எல்லையை ஒட்டி 1 ஏக்கர் செம்மண் கொல்லை. போன ஆடியில் கேழ்வரகோடு மொச்சையையும் கலந்து கையால் தூவிவிட்டேன். பயறு வகை காற்றிலிருந்து தழைச்சத்து (நைட்ரஜன்) பிடித்துக் கொடுக்கும், யூரியா மிச்சம் என்று சொன்னார்கள். ஆனால் மொச்சை படர்ந்த இடத்தில் கேழ்வரகு தூர் கட்டவே இல்லை, மொச்சை இல்லாத மூலையில்தான் நன்றாக வந்தது. அப்புறம் அந்தத் தழைச்சத்து எங்கே போனது? இந்த வருஷம் மொச்சையை விட்டுவிடலாமா?

குப்பத்துக்காரன்:
விட்டுவிடாதீர்கள் அண்ணா. கலந்து தூவியதுதான் கோளாறு. நாங்கள் 8 சால் (உழவு வரிசை) கேழ்வரகுக்கு 1 சால் மொச்சை விடுவோம், கோலார் பக்கம் இதைத்தான் அக்கடி சாலு என்கிறார்கள். விதையும் நாட்டு மொச்சையாக இருக்கட்டும். அது பகல் குறைந்து பனி இறங்கும்போதுதான் பூக்கும், அதற்குள் கேழ்வரகு அறுவடைக்கு வந்துவிடும், பிறகு இடம் முழுக்க மொச்சைக்குத்தான்.

மண்புழு:
தழைச்சத்து பற்றிக் கேட்டீர்களே. வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா பிடிப்பது முதலில் மொச்சைக்கே போகும், பக்கத்துச் செடிக்கு அதே பருவத்தில் கிடைப்பது கொஞ்சம்தான். கொட்டிய இலையும் வேரும் மட்கி அடுத்த பயிருக்குத்தான் பெரும்பங்கு போய்ச் சேரும். ஆனால் வெயிலுக்கும் ஈரத்துக்கும் இரண்டும் இந்த வருஷமே போட்டி போடும், உங்கள் கேழ்வரகு தோற்றது அங்கேதான். பூக்கும் சமயத்தில் ஒரு மொச்சைச் செடியைத் தோண்டி முடிச்சைக் கீறிப் பாருங்கள், உள்ளே சிவந்திருந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். மொச்சைச் சாலில் யூரியா போடாதீர்கள், மண்ணில் தழைச்சத்து தாராளமாக இருந்தால் முடிச்சே சரியாகக் கட்டாது. செம்மண் என்பதால் துவரையையும் யோசியுங்கள். இரும்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அதன் வேரில் கசியும் அமிலம் கரைத்து எடுக்கும், கேழ்வரகால் அது முடியாது.

பேரணாம்பட்டு மானாவாரி:
நன்றி. மேட்டுப் பக்கம் துவரை போட்டால் அதுவும் கேழ்வரகை அமுக்கிவிடாதா?

குப்பத்துக்காரன்:
அமுக்காது அண்ணா. முதல் இரண்டு மாதம் துவரை நிதானமாகத்தான் வளரும், 8 சாலுக்கு 2 சால் தாராளமாக விடலாம். கவலை ஆடுதான். கேழ்வரகு அறுத்ததும் ஊரில் ஆட்டை அவிழ்த்துவிடுவார்கள், துவரையோ தை வரைக்கும் நிற்கும். பக்கத்துக் கொல்லைக்காரரிடம் இப்போதே பேசி அவர் நிலத்திலும் துவரை போட வையுங்கள், காவலைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.