எட்டு வயதுப் பெண்ணைக் கராத்தே வகுப்பில் சேர்க்கலாமா?

கொரட்டூர்_அம்மா:
என் மகளுக்கு எட்டு வயது. பள்ளி விட்டபின் அங்கேயே கராத்தே சொல்லித் தருகிறார்கள். சேர வேண்டும் என்று ஒரு வாரமாக ஒற்றைக் காலில் நிற்கிறாள். மாமியார், "பெண் பிள்ளைக்கு எதற்கு அடிதடி? பாட்டு வகுப்பில் போடு" என்கிறார். கணவர், "தற்காப்புக்கு ஆகும், போகட்டும்" என்கிறார். எனக்கு இரண்டு பேச்சிலும் மனம் ஒட்டவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நேர்கோடு:
சேருங்கள், ஆனால் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். என் மகன் இரண்டரை ஆண்டு போனான். மாதக் கட்டணம் ஒரு பக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெல்ட் தேர்வு, தேறினால் அடுத்த தரத்துக்கான நிறத்தில் பெல்ட். அதற்குத் தனிப் பணம், சான்றிதழுக்குத் தனிப் பணம், புது பெல்ட்டுக்குத் தனிப் பணம். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று ஏறிக்கொண்டே போனான். அந்த இரண்டரை ஆண்டில் தேர்வில் தேறாத ஒரு பிள்ளையைக்கூட நான் பார்க்கவில்லை. யாரும் தோற்காததற்குப் பெயர் தேர்வா, வசூலா? பழுப்பு பெல்ட் கட்டிய வாரமே தெருநாய் துரத்தியது. அவன் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பழைய_மாணவன்:
வசூல் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. நாய்க்குக் கராத்தேயைக் குற்றம் சொல்வதுதான் கொஞ்சம் அதிகம்.

பெல்ட் கராத்தேயோடு கூடப் பிறந்ததில்லை. ஜப்பானின் தெற்கே உள்ள ஒக்கினாவாத் தீவில் பழைய ஆசான்கள் சொல்லித் தந்தபோது தர வரிசையும் கிடையாது, வெள்ளை உடுப்பும் கிடையாது. கராத்தே ஜப்பானின் பெரிய நகரங்களுக்குப் போன 1920களில் ஜூடோவைப் பார்த்து எடுத்துக்கொண்டவை அவை. பிள்ளைகளுக்கென்று கராத்தேயை மாற்றியவர் இதோசு அன்கோ. 1900களின் தொடக்கத்தில் ஒக்கினாவாப் பள்ளிகளுக்குள் கொண்டுபோனார். பழைய கட்டாக்கள், அதாவது வரிசையாகத் தனியே செய்து பழகும் அசைவுத் தொகுப்புகள், சின்னப் பிள்ளைகளுக்கு வராது என்று 'பினான்' என்ற பெயரில் ஐந்து எளிய கட்டாக்களை அமைத்தார். இன்று பல பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் படிப்பது இவற்றைத்தான். ஷோட்டோகான் பிரிவில் 'ஹெயான்' என்பார்கள். 1908இல் அவர் எழுதிய கடிதத்தில், தினம் ஒன்றிரண்டு மணி நேரம், மூன்று நான்கு ஆண்டு பழகினால் உடம்பே வேறாகிவிடும் என்கிறார். மூன்று மாதத்தில் பெல்ட் தருகிறேன் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

நேர்கோடு:
அதே கடிதத்தில், பிள்ளைகள் சிறு வயதிலேயே பழகினால் பின்னால் ராணுவத்துக்கு உதவுவார்கள் என்றும் எழுதினாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பழைய_மாணவன்:
எழுதினார். மறுக்கவில்லை. காலம் அப்படி. அவருடைய மாணவர் ஃபுனகோஷி கிச்சின், தொழிலால் பள்ளி ஆசிரியர், "கராத்தேயில் முதலில் கை ஓங்குவது கிடையாது" என்பதையே தன் பாடமாக வைத்தார். அதையும் சேர்த்துப் படியுங்கள்.

சிலம்பன்:
ஜப்பான்காரன் கலை எதற்கு? நம் சிலம்பம் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாகவே சேர்த்தார்கள். கம்பு ஒன்று போதும். பெல்ட்டும் இல்லை, வசூலும் இல்லை.

பழைய_மாணவன்:
சிலம்பமும் கற்கட்டும் ஐயா, யார் தடுத்தார்கள்? ஆனால் 'ஜப்பான்காரன் கலை' என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. கராத்தே என்ற பெயரையே முதலில் 'சீனக் கை' என்ற பொருளில் எழுதிக்கொண்டிருந்தார்கள், அதைத்தான் பிறகு 'வெறுங்கை' என்று எழுத்தை மாற்றினார்கள். உச்சரிப்பு ஒன்றே.

நாற்பத்தேழில்_வெள்ளை:
எல்லோரும் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் 47 வயதில் சேர்ந்தவள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நடக்கப் போங்கள் என்றார் மருத்துவர். நான்கு நாள் நடந்தேன், ஐந்தாம் நாள் மழை, அத்தோடு சரி. பிறகு மகனைக் கொண்டுவிடப் போன வகுப்பில் நானே நின்றுவிட்டேன்.

முதல் நாள் குதிரை நிலை. கால்களை அகட்டி, குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி முழங்காலை மடக்கி நிற்க வேண்டும். ஒரு நிமிடத்தில் தொடை ஆடத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற மூன்றாம் வகுப்புப் பையன், "ஆன்ட்டி, முட்டி உள்ளே போகிறது, வெளியே தள்ளுங்கள்" என்று திருத்தினான். மானம் போனது. மறுநாளும் போனேன்.

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மிதமாக உடலை வருத்த வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. எனக்கு அது தானாக நிறைந்துவிடுகிறது. இப்போது ஒற்றைக் காலில் நின்று சேலைக்கு உள்பாவாடை கட்டுகிறேன். சிரிக்காதீர்கள், முன்பு சுவரைப் பிடித்துக்கொள்வேன். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கட்டாவில் தங்கம் வாங்கிய ஸ்பெயினின் சாண்ட்ரா சாஞ்செசுக்கு அப்போது வயது 39.

நேர்கோடு:
உங்களுக்கு உடற்பயிற்சி கிடைத்தது, மகிழ்ச்சி அக்கா. நீச்சலிலும் கிடைக்கும், யோகாவிலும் கிடைக்கும். என் கோபம் 'தற்காப்பு' என்ற சொல்மேல்தான். எட்டு வயதுப் பிள்ளையின் குத்து வளர்ந்த ஆளை என்ன செய்யும்? பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குத் தெரிந்தவர்களே. அங்கே உதைக்கவா போகிறாள்? அம்மாவிடம் வந்து சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு எந்த பெல்ட் தருகிறார்கள்? பிள்ளைக்கு இல்லாத தைரியத்தை இருப்பதாக நினைக்கவைப்பது ஆபத்து.

சத்துணவு_மணி:
அரசுப் பள்ளி ஆசிரியை நான். நேர்கோடு சொல்வதில் பாதி சரி. சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி உண்டு. எங்கள் பள்ளியில் கராத்தே மாஸ்டர் வந்தார். மூன்று மாதத்தில் ஒருத்தியும் யாரையும் வீழ்த்தக் கற்கவில்லை. ஆனால் ஒன்றைப் பார்த்தேன். குத்தும்போது வயிற்றிலிருந்து 'கியாய்' என்று கத்த வேண்டும். முதல் வாரம் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துச் சிரித்தார்கள், துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டார்கள். பிறந்ததிலிருந்து 'மெதுவாகப் பேசு' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள். ஆறாம் வாரம் தலைமையாசிரியர் அறையிலிருந்து எழுந்து வந்து, என்ன சத்தம் என்று கேட்டார். அம்மாவிடம் வந்து சொல்வதற்கும் முதலில் குரல் எழ வேண்டும், நேர்கோடு.

நேர்கோடு:
இதை ஏற்கிறேன். ஆனால் கத்தக் கற்றுத் தருகிறோம் என்று எந்த வகுப்பும் விளம்பரம் செய்வதில்லை. சினிமா போஸ்டர் மாதிரி பறந்து உதைக்கும் படத்தைத்தான் போடுகிறார்கள்.

கொரட்டூர்_அம்மா:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மகளோடு போய் ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். மாமியாரும் வந்தார்.

இரண்டு பையன்கள் எதிரெதிரே நின்று பழகினார்கள். ஒருவன் குத்தினான், முஷ்டி மற்றவன் மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. அடுத்த முறை கொஞ்சம் பட்டுவிட்டது. ரத்தம் இல்லை, அழுகையும் இல்லை. மாஸ்டர் பட்டவனை விட்டுவிட்டு, குத்தியவனைக் கூப்பிட்டு ஓரத்தில் உட்கார வைத்தார். "அடிக்க எவனுக்கும் தெரியும். நிறுத்தத் தெரிந்தபின் எழுந்து வா" என்றார். வீட்டில் தம்பியை நினைத்த மாத்திரத்தில் அறைகிற என் மகள் அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேர்கோடு சொன்னது நினைவிருந்ததால், கடந்த தேர்வில் எத்தனை பேர் தேறவில்லை என்று கேட்டேன். "நான்கு பேர். ஒருவன் என் மகன்" என்றார். சேர்த்துவிட்டேன்.

மாமியார் வழி நெடுக ஒன்றும் பேசவில்லை. வீட்டுப் படி ஏறும்போது, "பின் வரிசையில் சுடிதார் போட்டுக்கொண்டு ஓர் அம்மா நின்றாரே, அவருக்கு என்ன வயது இருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

நேர்கோடு:
மாமியாரையும் சேர்த்தால் குடும்பத் தள்ளுபடி கேளுங்கள். முதல் தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்று வந்து எழுத மறக்காதீர்கள்.